தண்ணீர் குடிக்காத பெண்கள்

தீபாவளிக்கு முந்தைய 15 நாளும் என் தங்கை தண்ணீர் குடிக்கமாட்டாள். காலை 7 மணிக்கு ஒரு காப்பி, மதியச் சாப்பாட்டோடு அரை டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவில். பெண் ஊழியர்களுக்கான கழிப்பறை ஐந்தாவது மாடியில், சரக்கு அடுக்கும் அறைக்குப் பின்னால் இருந்தது. போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் படியேற வேண்டும், லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு. எதிரே ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது, 40 புடவையைப் பிரித்துப் போட்டாயிற்று, அந்த நேரத்தில் ‘இருங்க, வந்துடறேன்’ என்று எப்படிச் சொல்வது? குடிக்காமல் இருந்துவிட்டால் போக வேண்டியிராது. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தத் தளத்தில் நின்ற அத்தனை பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். புதிதாக வேலைக்கு வருகிற பெண் ஒரு வாரம் பார்ப்பாள். அடுத்த வாரம் அவளும் தண்ணீர் பாட்டில் கொண்டுவருவதை நிறுத்திவிடுவாள்.

நான் தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்து 2022இல் ஓய்வு பெற்றவள். சளி, சீழ், ரத்தம், முதுகுத்தண்டு நீர் என்று எல்லாம் என் மேசைக்கு வரும். அதிகம் வந்தது சிறுநீர். காலை 8 மணியிலிருந்து 11 மணிவரை ஜன்னல் வழியாகப் பாட்டில்கள் வந்தபடி இருக்கும். ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு. அதில் பெயர், வயது, வார்டு, நோய்க் குறிப்பு. ‘பெண், 52, சர்க்கரை, காய்ச்சல்.’ ‘பெண், 47, சர்க்கரை, நீர்க்கடுப்பு.’ ‘பெண், 63, சர்க்கரை, நினைவு தடுமாற்றம்.’ பெயரை விரலால் மறைத்துக்கொண்டு படித்தால் ஒரே பெண்தான் தினமும் வருகிறாள் என்று தோன்றும்.

அந்தப் பாட்டிலிலிருந்து நாங்கள் எடுப்பது மிகக் கொஞ்சம். நிக்ரோம் கம்பியின் நுனியிலுள்ள சின்ன வளையத்தைச் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, தோய்த்து எடுத்தால் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டு வரும். அதை அகார் தட்டில் இழுத்து, 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிட்டுப் போனால் மறுநாள் காலையில் விடை தெரியும். தட்டில் 100 புள்ளி முளைத்திருந்தால் ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் கிருமி என்று கணக்கு. மேக்கான்கி தட்டில் தட்டையான இளஞ்சிவப்புப் பொட்டுகளாக இருந்தால் ஈ.கோலை. அதே சிவப்பு, ஆனால் வெண்டைக்காய்ப் பசைபோல் இழுபட்டால் கிளெப்சியெல்லா. பச்சை நிறம் படர்ந்து திராட்சை வாசனை அடித்தால் சூடோமோனாஸ். ரத்த அகாரில் புரோட்டியஸ் அலை அலையாகப் பரவி மற்றதையெல்லாம் மூடிவிடும். பெண்களின் சிறுநீரில் நான் பார்த்தது பெரும்பாலும் அந்த இளஞ்சிவப்புப் பொட்டுகளைத்தான். அகார் என்பது கடல்பாசியிலிருந்து எடுக்கிற பொருள். மன்னார் வளைகுடாக் கரையில் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்து வருகிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அதைத்தான் எடுக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் பல மணிநேரம் நின்று வேலை செய்கிற அந்தப் பெண்களை நினைக்காமல் நான் ஒரு நாளும் அகார் பொடியை எடை போட்டதில்லை. என் அம்மாவின் ஊர் ராமநாதபுரம் பக்கம்.

ஈ.கோலை வெளியிலிருந்து வருகிற எதிரி இல்லை. 1885இல் தியோடர் எஷெரிச் என்ற மருத்துவர் குழந்தைகளின் மலத்தில் கண்டு எழுதியது. நம் எல்லோருடைய குடலிலும் பிறந்த சில நாளிலிருந்து குடியிருப்பது. குடலில் இருக்கும்வரை அதனால் தொந்தரவு இல்லை. அது இருக்கக் கூடாத இடத்துக்குப் போய், அங்கே தடுக்க ஆள் இல்லை என்றால்தான் நோய். இப்படிப்பட்டவற்றைச் சந்தர்ப்பம் பார்த்துத் தாக்கும் கிருமிகள் என்பார்கள். என் மனத்தில் தங்கிப்போனது அந்தச் ‘சந்தர்ப்பம்’ என்ற சொல்தான். கிருமியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். சந்தர்ப்பத்தை யார் உண்டாக்கிக் கொடுத்தார்கள் என்று பேசுவதில்லை.

எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் என்றதும் நம் ஊரில் வேறு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்த காலத்திலிருந்து அந்தச் சொல்லோடு ஒரு பயமும் ஒட்டிக்கொண்டது. புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கிற பெண்கள், லூபஸுக்கு ஸ்டீராய்டு சாப்பிடுகிற பெண்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், இவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைவுதான். காய்ச்சல் வந்தால் ஒரு மணிநேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று அவர்களுக்காவது மருத்துவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால் சர்க்கரை நோயும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற நோய் என்பதை 11 ஆண்டுகளாகச் சர்க்கரை இருந்த என் தங்கைக்கு ஒருவரும் சொல்லவில்லை. சோறு குறை, நட, மாத்திரையைப் போடு என்று சொன்னார்கள். காலைப் பார்த்துக்கொள், புண் வந்தால் ஆறாது என்றார்கள். புண் ஏன் ஆறாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ரத்தத்தில் சர்க்கரை தொடர்ந்து ஏறியே இருந்தால் கிருமியைத் தேடிப்போய் விழுங்க வேண்டிய வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. போகிற வேகமும் குறைகிறது, விழுங்கிக் கொல்லும் திறனும் குறைகிறது. நரம்பு பாதிக்கப்படுவதால் சிறுநீர்ப்பை நிறைந்தது சரியாகத் தெரியாது. கழித்த பிறகும் கொஞ்சம் உள்ளே தங்கும். தங்குகிற நீரில் சர்க்கரையும் கலந்திருக்கும். இது ஆணுக்கும் பொருந்தும். ஆனால் பெண்ணுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாயின் நீளம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர், ஆணுக்கு 20. கிருமி ஏறவேண்டிய தூரம் ஐந்தில் ஒரு பங்கு. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து, அந்தப் பகுதியைக் காத்துவந்த நல்ல பாக்டீரியாக்களும் குறைந்துபோகின்றன. என் தங்கைக்கு 2018இல் வயது 51.

இத்தனைக்கும் எதிராக உடம்பிடம் மிஞ்சுகிற எளிய காவல் ஒன்றுதான்: தண்ணீர் குடித்து, வந்ததும் கழித்துவிடுவது. ஏறிவருகிற கிருமியை நீரே அடித்துக்கொண்டு போய்விடும். நல்ல சூழல் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். அந்த வேகத்தில் ஒன்று நான்கு மணிநேரத்தில் 4,096 ஆகும். காலை 9 மணிக்குக் கடை திறந்து 3 மணிக்குச் சாப்பிடப் போகிற பெண்ணின் சிறுநீர்ப்பைக்கு ஆறு மணிநேரம்.

அவளுக்கு அந்த வருஷம் ஆடித் தள்ளுபடியின்போதே நீர்க்கடுப்பு இருந்தது. நீர்க்கடுப்பு என்பது நல்ல சொல்; கேட்டதும் வலி புரிகிறது. ஆனால் அந்தச் சொல்லோடு ஒரு காரணமும் சேர்ந்தே வருகிறது: உடம்புச் சூடு. சூடு என்றால் அதற்கு வைத்தியம் வீட்டிலேயே இருக்கிறது. இளநீர், வெந்தயம், பார்லிக் கஞ்சி, தொப்புளில் விளக்கெண்ணெய். என் தங்கை நன்னாரி சர்பத் குடித்தாள், சர்க்கரை நோயாளி. பாட்டிமார் சொன்னதை நான் குறைத்துப் பேச வரவில்லை. நிறைய நீராகாரம் குடி என்பதுதான் அந்த வைத்தியத்தின் சாரம், அது சரியான யோசனையும்கூட. நல்ல ஆரோக்கியமுள்ள இளம்பெண்ணுக்குப் பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். உலகத்துப் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வருகிறது. பெரும்பாலும் சிறுநீர்ப்பையோடு நின்றுவிடுகிறது. சர்க்கரை உள்ளவளுக்கு நிற்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

‘ஒரு தடவை யூரின் கல்ச்சர் குடுத்துட்டுப் போடி’ என்று போனில் சொன்னேன். ‘தீபாவளி முடியட்டும்க்கா, இப்ப லீவு கேட்டா இன்சென்டிவ் போயிரும்’ என்றாள். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டாள். எரிச்சல் அடங்கியது. பத்து நாளில் திரும்ப வந்தது. திரும்ப இரண்டு மாத்திரை. இப்படி நான்கு முறை. அப்படி வாங்கியபோதெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவேன் என்று தெரியும். தினமும் இதே வேலையைச் செய்கிற நான் அன்றைக்கே பஸ் ஏறிப்போய் அவளிடம் ஒரு பாட்டிலைக் கொடுத்திருக்கலாம். போகவில்லை. ஊருக்கெல்லாம் தட்டு பார்த்தவள் தங்கைக்குப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

2018இல் தீபாவளி நவம்பர் 6ஆம் தேதி வந்தது. முந்தைய நாள் நள்ளிரவுவரை கடை. பண்டிகையன்று வீட்டில் எல்லோருக்கும் சமைத்தாள். 7ஆம் தேதி விடியற்காலை குளிர் நடுக்கம். மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது என்று அவள் மகள் சொன்னாள். இடது விலாவுக்குக் கீழே முதுகுப்பக்கம் வலி, வாந்தி. அப்போதும் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு சாம்பாரைச் சூடு பண்ணியிருக்கிறாள். மறுநாள் பேச்சு குழறியபோதுதான் ஆட்டோவில் ஏற்றினார்கள். சர்க்கரை 480. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 4.1. ரத்த அழுத்தம் இறங்கிப்போயிருந்தது.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய மருத்துவர், ‘இந்தக் கறுப்பா தெரியுது பாருங்க, அது காத்து’ என்றார். இடது சிறுநீரகத்துக்குள் காற்று. எனக்குப் புரிந்துவிட்டது. கிருமி சிறுநீர்ப்பையிலிருந்து மேலேறி, சிறுநீரகத்தின் சதைக்குள் புகுந்து, அங்கே தேங்கிய சர்க்கரையைத் தின்று புளிக்கவைத்திருக்கிறது. இட்லி மாவு புளித்துப் பொங்குவதும் இதே வேலைதான், கிருமிதான் வேறு. மாவில் வருகிற குமிழி உயிருள்ள உறுப்புக்குள் வந்தால் அந்த உறுப்பு வெந்ததுபோல் ஆகிவிடும். 1898இலேயே மருத்துவ ஏடுகளில் பதிவான நோய் இது. இது வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் சர்க்கரை உள்ளவர்கள். ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். இடது சிறுநீரகத்தில்தான் அதிகம் காணப்படுகிறது. இந்த நோய் தெரிந்தே நூறாண்டுக்கு மேலாகிறது.

அவளுடைய பாட்டிலும் என் ஜன்னலுக்கு வந்தது. தட்டை மறுநாள் காலை நான்தான் எடுத்தேன். இளஞ்சிவப்பு, இடைவெளியே இல்லாமல். அடுத்து மருந்து வில்லைகள் வைத்த தட்டு. முல்லர்-ஹின்டன் அகாரில் கிருமியைப் பஞ்சால் பூசி, ஒவ்வொரு மருந்தும் ஊறிய சின்னக் காகித வில்லைகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வட்டம் விழும். அதை ஸ்கேலால் அளப்போம். அவள் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்ட நார்ஃப்ளாக்சசினுக்கு வட்டமே இல்லை. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு இல்லை. செஃபோடாக்சிமுக்கு இல்லை. மருந்தை உடைத்துப்போடும் நொதியைக் கற்றுக்கொண்ட கிருமி. மெரோபெனம் வட்டம் மட்டும் பெரிதாக விழுந்திருந்தது. எட்டு மணிநேரத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்ற வேண்டிய மருந்து அது. முதுகு வழியாகக் குழாய் போட்டுச் சீழை வடித்தார்கள். 17 நாள் பார்த்தார்கள். பிறகு இடது சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டாள்.

அந்த மெரோபெனம் வகை மருந்துகளையும் தோற்கடிக்கிற கிருமிகளைப் பற்றி உலகத்துக்குப் பெரிதாகச் சொன்ன ஆய்வு 2010இல் வந்தது. அதில் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியுடையது. சென்னையில் சேகரித்த மாதிரிகளும் அதில் உண்டு. அந்த மருந்துகளை உடைக்கிற நொதிக்கு டெல்லியின் பெயர் வைத்தது பற்றித்தான் அப்போது நாடு முழுக்கச் சண்டை. என் ஆய்வகத்தில் 1990களில் நார்ஃப்ளாக்சசினுக்கு அகலமாக விழுந்த வட்டம் வருஷா வருஷம் சுருங்கியதை நான் ஸ்கேலோடு பார்த்தேன். இரண்டு மாத்திரை, மூன்று மாத்திரை என்று பாதியில் நிறுத்துகிற ஒவ்வொரு முறையும் சாகாமல் தப்பித்தவை பெருகுகின்றன. இங்கே பெண்களை மட்டும் குறை சொல்ல நான் தயாரில்லை. டாக்டரிடம் போக அரைநாள் சம்பளம் போகும் என்றால் இரண்டு மாத்திரைதான் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் எடுத்துக் கொடுப்பவருக்குத்தான் அது குற்றம் என்று தெரியும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எந்தத் தொந்தரவும் இல்லாத சர்க்கரை நோயாளிப் பெண்ணின் சிறுநீரில் கிருமி தென்பட்டால் அதற்கு மருந்து தேவையில்லை. கர்ப்பிணிகள் இதில் விதிவிலக்கு. முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் கல்ச்சர் செய்து, கிருமி இருக்கிறது என்று பயமுறுத்தி, ஆன்டிபயாடிக் எழுதுவதையும் பார்த்திருக்கிறேன். அது கிருமிக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. கடுப்பு, அடிவயிற்று வலி, காய்ச்சல், முதுகுவலி, குளிர் நடுக்கம் இருந்தால்தான் மருந்து. அப்போது மருந்துக்கு முன்னால் பாட்டிலில் சிறுநீர். வயதான பெண்களுக்குக் காய்ச்சலே வராமல், திடீரென்று நினைவு தடுமாறுவது மட்டுமேகூட அறிகுறியாக இருக்கலாம். ‘அம்மா ரெண்டு நாளா ஒரு மாதிரி பேசறாங்க’ என்று மகன்கள் கூட்டிவந்த எத்தனை பேரின் பாட்டிலில் லட்சத்துக்கு மேல் முளைத்தது.

பாட்டில் என்றதும் எங்கள் மருத்துவமனையின் குறையையும் எழுத வேண்டியிருக்கிறது. கல்ச்சருக்குச் சிறுநீர் கொடுக்கிற முறை இது: கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் பாட்டிலில் பிடித்து, இரண்டு மணிநேரத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் பெண்கள் அப்படிப் பிடிப்பதற்கென்று இருந்த கழிப்பறையில் பல வருஷம் தாழ்ப்பாள் இல்லை. சில காலம் தண்ணீரும் இல்லை. துணைக்கு வந்தவள் வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தனியாக வந்தவள் என்ன செய்வாள்? வீட்டுக்குப் போய்ப் பிடித்து, பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றிப் பையின் அடியில் மறைத்து, இரண்டு பஸ் மாறிக் கொண்டுவருவாள். மே மாத வெயிலில் அதற்குள் உள்ளே எல்லாம் பெருகிக் கலந்துபோயிருக்கும். நான் அறிக்கையில் ‘கலப்பு வளர்ச்சி, மாதிரியை மறுபடி அனுப்பவும்’ என்று எழுதுவேன். நான் எழுதியது சரிதான். ஆனால் மறுபடி வந்தவர்கள் பாதிப் பேர்கூட இருக்கமாட்டார்கள். அந்தத் தாழ்ப்பாளுக்காக நான் எழுதிக்கொடுத்த மனுக்களின் நகல்களை இன்னும் வைத்திருக்கிறேன். போட்டுவிட்டார்கள், 2014இல்.

ஆகவே, என் கருத்தை நேராகச் சொல்கிறேன். வேலையிடத்தில் பெண்களுக்குக் கழிப்பறையும், அங்கே போக நேரமும் தருவது நாம் சலுகைக் கணக்கில் எழுதுகிற விஷயமாக இருக்கிறது. அதைத் தடுப்பூசிக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். சென்னை நீரிழிவு ஆய்வு மையத்தினர் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதில் எத்தனை கோடிப் பெண்கள் கடைகளிலும், பள்ளிக்கூடங்களிலும், பேருந்துகளிலும், காவல் பணியிலும், கட்டட வேலையிலும் இந்த நிமிடம் அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள்? இவர்கள் தங்களை எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் என்று நினைத்ததேயில்லை.

கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி 2009 வாக்கில் பெண்கூட்டு என்ற அமைப்பைத் தொடங்கியபோது முதலில் கேட்டது கழிப்பறையைத்தான். மிட்டாய்த் தெருக் கடைகளில் நின்ற பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்த கதை என் தங்கையின் கதையேதான். அதிலிருந்து வளர்ந்த போராட்டம்தான் 2018இல் கேரளத்தில் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் அதே போன்ற திருத்தத்தைக் கொண்டுவந்தது. மனதார வரவேற்றேன். நின்றே வீங்கிய கால்களை நான் வீட்டில் பார்த்தவள். அதே 2021 ஜூனில், முதல்வர் செல்லும் சாலைகளில் பெண் காவலர்களைப் பாதுகாப்புக்கு நிறுத்த வேண்டாம் என்ற உத்தரவும் வந்தது. மணிக்கணக்கில் ஒதுங்க இடமில்லாமல் நிற்பது என்ன என்று யாரோ ஒருவருக்கு உறைத்திருக்கிறது. ஆலைகளுக்குக் கழிப்பறை கட்டாயம் என்பது 1948 சட்டத்திலேயே வந்துவிட்டது. ஆனால் கழிப்பறை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிற சோதனையால் பயனில்லை. எந்த மாடியில் இருக்கிறது, யாரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும், பண்டிகை நாளில் கடைசியாக எப்போது போனாய் என்று அங்கே நிற்கிற பெண்ணிடம் தனியாகக் கேட்க வேண்டும். அதை ஒரு பெண் ஆய்வாளர் கேட்க வேண்டும். மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை, கேட்காமலே, ஆள் மாற்றிவிட்டு அனுப்புகிற முறை வந்தால் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்காது. கடைக்காரர்களுக்கு இதில் செலவு ஒன்றும் பெரிதில்லை. ஒரு தளத்துக்கு ஒரு ஆள் கூடுதல்.

வேறொரு வாய்ப்பும் நம் கையில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வருகிறவரை எனக்குத் தெரியும். மழையிலும் குடையோடு வருவார். அவர் கையிலிருக்கும் பதிவேட்டில் இரண்டு கேள்வி சேர்த்தால் போதும் என்பது என் யோசனை. நீர்க்கடுப்பு இருக்கிறதா? காய்ச்சலோடு முதுகுவலி இருந்ததா? ஆண் டாக்டரிடம் சொல்லக் கூசுகிறதைத் தன் வீட்டு வாசலில் நிற்கிற இன்னொரு பெண்ணிடம் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது கேள்விக்கு ஆமாம் என்றால் அன்றைக்கே மருத்துவமனை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூடியுள்ள சுத்தமான பாட்டிலும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும், எடுத்த மாதிரியைக் குளிர்பெட்டியில் மாவட்ட ஆய்வகத்துக்குக் கொண்டுசேர்க்க ஒரு வண்டியும் வேண்டும். காசநோய்ச் சளியைக் கொண்டுபோக ஏற்பாடு செய்யத் தெரிந்த நமக்கு இது முடியாததில்லை.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குளிர் நடுங்குகிறவள் சாம்பாரைச் சூடு பண்ணியபோது வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. யாருக்கும் தெரியவில்லை, அவள் சொல்லவும் இல்லை.

என் தங்கை இப்போது வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைக்கிறாள். தையல் மெஷின் பக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டில். அதில் மார்க்கர் பேனாவால் மணி எழுதி வைத்திருக்கிறாள், 9, 11, 1, 3. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியேட்டினின் பார்க்கிறோம். போன தீபாவளிக்கு அவள் மகளுக்குப் புடவை எடுக்க அதே கடைக்குத்தான் போனோம். பழகிய கடை, விலை தெரியும் என்றாள். பட்டுப் பிரிவில் சட்டப்படி ஸ்டூல்கள் போட்டிருந்தார்கள். அவற்றின் மேல் பிரித்த புடவைகள் குவிந்திருந்தன. புடவை எடுத்துக் காட்டிய பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும், உதடு காய்ந்திருந்தது. நான் பார்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கை அந்தப் பெண்ணிடம் மெதுவாக, ‘காலைல இருந்து தண்ணி குடிச்சியாம்மா?’ என்று கேட்டாள். அந்தப் பெண் சூப்பர்வைசர் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, ‘அஞ்சாவது மாடி ஏறணும்க்கா’ என்றாள்.